பார்த்துட்டு வந்து சொல்றேன்

பார்த்துட்டு வந்து சொல்றேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்னத்தைச் சொல்வார்? பெரிசா இருந்துச்சு என்பார். வெள்ளையா இருந்துச்சு என்பார். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வந்தும் இதைத்தான் சொன்னார், பெரிசா இருந்துச்சு, வண்டி நிறுத்தத்தான் இடமில்லை. இருபத்தெட்டு வருஷம் அருப்புக்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியலில் பனியாறு நடத்தியவள் நான். அந்தப் பாடப் புத்தகத்தை ஒருநாள் கூடத் திறந்து பார்க்காதவர் அவர். இப்போது அவர் மேலே நின்று பார்க்கிறார். நான் கீழே, இமயமலையின் ஏதோ ஒரு மூலையில், தகரக் கூரை போட்ட டீக்கடையில், ஆடுகிற பலகையில், முழங்காலில் நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி ஒன்பது பத்து. ஏழரைக்குப் போனவர்கள். பத்தரைக்குள் திரும்பிவிடுவோம், அதற்குமேல் காற்று வரும் என்று வழிகாட்டி தேவேந்தர் சொன்னான். இன்னும் ஒன்றே கால் மணி நேரம். மூன்றாவது டீ. இதில் இஞ்சி போடுகிறாளா மண் போடுகிறாளா தெரியவில்லை. கடைக்காரி பெயர் பசந்தி, அதை மட்டும்தான் எங்களுக்குள் பரிமாறிக்கொள்ள முடிந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ரூப்ஷிலா சிகரம் எங்கே என்று கையை விரித்துக் கேட்டேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியாலேயே மேகத்தைக் காட்டினாள். மேகம். அவ்வளவுதான். எதிரே கறுத்த பாறைத் தோள் ஒன்று, அதன்மேல் வெளுத்த மேகம், அந்த மேகத்துக்குப் பின்னால் ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் ஒரு சிகரம் நிற்கிறதாம். நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

கால் நேற்றுத்தான் போனது. ஓடையைத் தாண்டும்போது பாசிக் கல்லில் வழுக்கி, பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கால் கொஞ்சம் வீங்கியது. காலையில் தேவேந்தர் குனிந்து பார்த்து, மேடம் ஜி, ரெஸ்ட், என்றான். அவன் சொன்னதுகூட எனக்கு வலிக்கவில்லை. அவன் வாயை மூடுவதற்கு முன்னால் இவர் தலையாட்டினாரே, அதுதான். "அதான் நல்லது தமயந்தி, நீ இங்கயே உக்காரு, நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்." நான் வாதாடுவேன் என்று பயந்தவர்போலத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் வளைவு வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தார். அங்கே ஒருதரம் திரும்பிக் கையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. ஆட்டியிருக்கலாம். ஏன் ஆட்ட வேண்டும்? இங்கே வந்ததே என் யோசனை. மே மாதம் ஓய்வுபெற்ற அன்று, சந்தன மாலையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் நான்தான் சொன்னேன், ஒரு பனியாற்றைப் பார்க்காமல் சாக மாட்டேன் என்று. சாக மாட்டேன் என்ற வார்த்தையை ஏன் சொன்னேன். அதை விடு. விளம்பரத்தைக் கண்டுபிடித்தது நான், பணம் கட்டியது நான், கம்பளிச் சட்டைக்கு மதுரைக்குப் போனது நான். ஏழாவது கேள்விக்குப் பதில் எழுதியதும் நான்தான். அது இப்போது வேண்டாம். டீயைக் குடி.

கரும்பலகையில் நான் வரைகிற மலை அழகாக இருக்கும். நீலச் சாக்பீஸில் விளிம்பு, நடுவில் வெள்ளைச் சாக்பீஸைப் படுக்க வைத்து ஒரே இழுப்பு. பனி சேர்ந்து சேர்ந்து இறுகி, தன் எடை தாங்காமல் நகரத் தொடங்கும், அதுதான் பனியாறு, எழுதிக்கொள்ளுங்கள். அது மலையைச் சுரண்டிக்கொண்டே இறங்கும், சுரண்டிய கல்லையும் மண்ணையும் இரண்டு பக்கமும் கரையாகக் குவிக்கும், எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் வெந்துபோய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஐஸ்கிரீமைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருதரம் ஒரு பிள்ளை, செல்வமேரி, மூன்றாவது பெஞ்சு, எழுந்து கேட்டாள், டீச்சர் நீங்க பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்கேன் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. எப்படி இருந்துச்சு டீச்சர்? வெள்ளையா, பெரிசா. கடவுளே. நானும் இதைத்தான் சொன்னேன், இவரைக் குறை சொல்கிறேன். அதற்கப்புறம் எந்த வருஷமும் அந்தப் பாடம் நடத்தும்போது மூன்றாவது பெஞ்சைப் பார்க்க மாட்டேன். இங்கே வந்து பார்த்தால் வெள்ளை எங்கே இருக்கிறது? ஆறு சிமெண்ட் கரைத்த தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இரண்டு பக்கமும் மலை மலையாகக் கல் கொட்டிக் கிடக்கிறது, கல்குவாரிக்குப் பின்னால் கழிவு கொட்டுவார்களே, அப்படி. பசந்தி ஆற்றோரத்துச் சாம்பல் மேட்டைக் காட்டி ஏதோ சொன்னபோது மண் மேடு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மண்ணுக்கடியில் பச்சைக் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. பழைய துண்டு, கழன்று வந்து கிடக்கிறது. நேற்று ஏறி வரும்போது பாறைகளில் சிவப்பு வர்ணத்தில் வருஷம் எழுதியிருந்தார்கள், அந்தந்த வருஷம் பனியாற்றின் வாய் எதுவரை இருந்தது என்று. 1965 என்று ஒன்று. நான் பிறந்த வருஷம். அந்தப் பாறையிலிருந்து இந்தக் கடைக்கு முக்கால் மணி நேரம் ஏறினோம். இந்தக் கடையிலிருந்து இன்னும் ஒன்றரை மணி நேரம் ஏறினால்தான் இப்போது பனி இருக்கிறதாம். எனக்கு வயதாக ஆக அது எழுந்து பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் வருவதற்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், மேகத்தையும் இழுத்து மூடிக்கொண்டது.

மணி ஒன்பதே முக்கால். போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை என்று தெரிந்தே எடுத்தேன். மகள் கார்குழலி ஓசூரில் இந்நேரம் வேலைக்குக் கிளம்பியிருப்பாள். அவளுக்கு நாங்கள் நைனிடாலில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைப்பு. அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பிப்ரவரி மாதம் அவளுடைய அப்பாவுக்கு மதுரையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது மூன்று நாள் தரையில் படுத்துக் கிடந்தவள் அவள். தெரிந்தால் விமானம் பிடித்து வந்து இரண்டு பேரையும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். டாக்டர் நடக்கலாம் என்றார். தாராளமாக நடக்கட்டும் என்றார். மலை ஏறலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. டிராவல்ஸ்காரர்கள் அனுப்பிய படிவத்தில் ஏழாவது கேள்வி, இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஏதேனும் உண்டா? பேனா அங்கே நின்றது. இவர் எதிரே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏழாவதுக்கு என்ன எழுத?" என்றேன். "இல்லன்னு எழுது. இருக்குன்னு எழுதுனா விடமாட்டாங்க. உனக்குப் பாக்கணும்ல?" உனக்குப் பாக்கணும்ல. அப்போது அது எவ்வளவு பிரியமாகக் கேட்டது. இப்போது அதை நினைத்தால் பல்லைக் கடிக்க வருகிறது. இல்லை என்று எழுதினேன். ஆசிரியர் கையெழுத்து, முத்து முத்தாக, இல்லை. கேட்டபோது அவர் சொன்னார், நான் எழுதினேன், யார் செய்தது இது? மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர், சங்கரலிங்கம் என்றால் புயல் மழையிலும் கம்பம் ஏறுவார் என்று பெயர். நாற்பதடி உயரத்தில் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு தொங்கிய காலம் எல்லாம் இன்னும் மனதில் இருக்கிறது அவருக்கு. இதயத்துக்குள் ஒரு சின்னக் கம்பி வலை இருப்பது நினைவில்லை. இங்கே காற்று ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் எனக்கே மூச்சு அரைகுறையாகத்தான் போகிறது. அவர் ஏறுகிறார். தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்.

பசந்தி ஒரு கத்தியும் நாலு உருளைக்கிழங்கும் என் பக்கம் தள்ளினாள். சும்மா உட்கார்ந்து அவள் கடையில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. சீவினேன். தோல் தடித்து வருகிறது என்று என் கையிலிருந்து பிடுங்கி எப்படிச் சீவ வேண்டும் என்று காட்டினாள். சரியம்மா. அந்த நேரத்தில்தான் மேலே அந்தச் சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், நீளமாக, கொட்டிக்கொண்டே, பிறகு ஒன்றுமில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் தலைகூட நிமிரவில்லை. கையால் மேலிருந்து கீழே சரிவது போலக் காட்டி, தினமும் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். தினமும் விழுகிறதாம். தினமும் இவர் அதற்குக் கீழே நிற்பதில்லையே. உட்கார்ந்தேன். அடுத்த கிழங்கில் தோல் இன்னும் தடித்தது. இதயம் நின்றால் எவ்வளவு நேரம்? நாலு நிமிஷம் என்று எங்கோ படித்தேன். ஜீப் நிற்கிற இடத்துக்கு இங்கிருந்து மூன்று மணி நேரம். நாலு நிமிஷம், மூன்று மணி நேரம். கார்குழலியிடம் என்ன சொல்வேன்? அப்பா கேட்டார், நான் எழுதினேன் என்றா? எனக்குப் பாக்கணும்னு தோணுச்சும்மா என்றா? பார்க்கக்கூட இல்லையே நான். மேகத்தையும் கிழங்கையும் பார்த்தேன். மணி பத்தே கால். பத்து இருபது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று கையைக் கம்பளிக்குள் விட்டேன், கம்பளிக்குள்ளேயே கை கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

பத்தரைக்கு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். எங்கள் குழுவில் வந்த கோயம்புத்தூர் ஜோடி, மிதுனும் அவன் மனைவி ஓவியாவும். புதுசாகக் கல்யாணமானவர்கள், மூக்கெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே வந்து பலகையில் விழுந்தார்கள்.

"செமையா இருந்துச்சுங்க ஆன்ட்டி. ஐஸைத் தொட்டுட்டே வந்துட்டோம்" என்றாள் ஓவியா. "மத்தவங்க தேவேந்தரோட பின்னாடி வர்றாங்க."

"அவரு?"

"யாருங்க? அங்கிளா?" அவள் மிதுனைப் பார்த்தாள். மிதுன் என்னைப் பார்த்துச் சொன்னான். "அங்கிள் அப்பவே கீழ வந்துட்டாருங்களே ஆன்ட்டி. முதல் வளைவுலயே, அவ தனியா இருப்பா, நான் திரும்பிப் போறேன்னு தேவேந்தர்கிட்டச் சொல்லிட்டாரு. எட்டு மணி கூட ஆகல. இங்க வரலைங்களா?"

வரவில்லை. எட்டு மணிக்குத் திரும்பியவர் பத்தரை வரைக்கும் வரவில்லை. முதல் வளைவு இதோ, கண்ணுக்குத் தெரிகிற வளைவு, கால் மணி நேர நடை. அதற்கும் இந்தக் கடைக்கும் நடுவில் ஒரே பாதை, ஒரு பக்கம் சரிவு, சரிவின் அடியில் சிமெண்ட் தண்ணீர். நான் இங்கே உட்கார்ந்து கிழங்கு சீவியிருக்கிறேன். டீயில் மண் என்று குறை சொல்லியிருக்கிறேன். மிதுன் எழுந்து, நான் போய்ப் பாக்கறேங்க என்றான், இந்தக் காலோட நீங்க போகாதீங்க ஆன்ட்டி என்றாள் ஓவியா. அதற்குள் நான் பாதையில் இருந்தேன். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. கத்தட்டும். பசந்தி பின்னால் ஓடிவந்து ஒரு கம்பைக் கையில் திணித்தாள், பிறகு அவளும் கூடவே வந்தாள், சீவின கையைப் பாவாடையில் துடைத்தபடி. கீழே பார்க்கக் கூடாது, தொப்பி தெரிந்துவிடுமோ என்று கீழேதான் பார்த்தேன். கல், கல், தண்ணீர், கல். நீலமாக ஏதோ கிடந்தது, பிளாஸ்டிக் பை. மூச்சு வரவில்லை. ஏங்க என்று கூப்பிட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் வரவில்லை, ஏங்க ஏங்க என்று மலை முழுக்கக் கத்திக்கொண்டு ஏறினேன், எந்த மலைக்குத் தெரியும் அது யாரை என்று.

வளைவுக்கு அந்தப் பக்கம், பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, போகிற வருகிறவர்கள் கண்ணில் படாதபடி, ஒரு பெரிய பாறையின் காற்றுப் படாத பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில். உயிரோடு. நன்றாகவே உயிரோடு. என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பீடியோடு பிடிபட்ட பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"கால் வலியோட எதுக்கு ஏறி வந்தே?" என்றார்.

அதைத்தான் முதலில் கேட்டார். கையிலிருந்த கம்பால் அடித்திருப்பேன். பசந்தி பக்கத்தில் நின்றதால் அடிக்கவில்லை.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"நாக்குக்கடியில மாத்திரை ஏதும் வச்சீங்களா?"

"இல்லங்கிறேன்ல. வலி எல்லாம் இல்ல."

"அப்ப இங்க என்ன செய்றீங்க? ரெண்டரை மணி நேரமா?"

அவர் தொப்பியின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூச்சு வாங்குச்சு. சரியாயிடும்னு நின்னேன். கீழ குனிஞ்சு தண்ணியைப் பாத்தேன், காலு நடுங்கிருச்சு. அதுக்கப்புறம் ஒரு அடி எடுத்து வைக்க முடியல. பயமா இருந்துச்சு தமயந்தி."

"வந்திருக்க வேண்டியதுதானே? கால் மணி நேரம்தானே?"

"வந்தா என்னாச்சுன்னு கேப்பே. என்னன்னு சொல்ல?" பிறகு, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல முகத்தை மலர்த்திக்கொண்டு, "ஆனா பாத்துட்டேன். இங்கருந்தே முழுசாத் தெரிஞ்சுச்சு. ஒன்பதரை வரைக்கும் மேகமே இல்ல. பெரிசா..."

இங்கிருந்தே. இங்கிருந்தே முழுதாக. இந்த வளைவு வரைக்கும் என் முழங்கால் வந்திருக்கும், வந்துவிட்டதே. கீழே நான் மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், அந்தக் கறுப்புத் தோளுக்கு இந்தப் பக்கம், கால் மணி நேரத் தொலைவில், அது திறந்து கிடந்திருக்கிறது. இவர் அதைத் தனியாகப் பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செத்திருந்தால் அழுதிருப்பேன். உயிரோடு இருந்து இப்படிச் செய்தால் என்ன செய்வது? முப்பத்திரண்டு வருஷக் கணக்கையும் அங்கேயே எடுத்தேன். பயம்னா பயம்னு சொல்ல வேண்டியதுதானே, கம்பத்துலருந்து விழுந்தப்பவும் வழுக்கிருச்சுன்னீங்க, நெஞ்சு வலி வந்தப்பவும் வாய்வுன்னீங்க, மூணு நாள் வாய்வு வாய்வுன்னு ஓமத் தண்ணி குடிச்சீங்க, உங்களுக்கு ஒண்ணுன்னா என் கையெழுத்துல்ல அங்க இருக்கு, இல்லன்னு எழுதின கை என் கை, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைகிட்ட...

வாக்கியம் முடியவில்லை. பசந்தி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

மேகம் நடுவில் கிழிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமில்லை, அதற்கு மேலே, கழுத்து வலிக்கிற அளவு மேலே, அங்கே இருந்தது. வானத்தின் ஒரு பகுதி என்று நினைத்திருந்த இடத்தில். ஒரு பக்கம் வெயில் பட்டுக் கண் கூசியது, இன்னொரு பக்கம் நீலம், நான் வாங்கிய எந்தச் சாக்பீஸிலும் இல்லாத நீலம். உச்சியிலிருந்து புகை மாதிரி பனித்தூள் பறந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். அதன் கீழே பெரிய வெட்டு வெட்டாக, அடுக்கு அடுக்காகப் பனி தொங்கி, உடைந்து, சாம்பலாகி, கல்லைச் சுமந்துகொண்டு, கறுத்து, எங்கள் காலடிப் பள்ளத்தாக்கு வரைக்கும் வந்தது. எல்லாம் ஒரே உடம்பு. மேலே இருக்கிற வெள்ளையும் கீழே கிடக்கிற அழுக்கும். நான் அழவில்லை. எரிச்சலில் ஏற்கெனவே கண்ணில் தண்ணீர் இருந்தது, அதோடுதான் பார்த்தேன்.

தேவேந்தரும் மற்றவர்களும் மேலிருந்து இறங்கி வந்தபோதும் மேகம் மூடவில்லை. மிதுன் பின்னாலேயே ஏறி வந்திருந்தான். அவனை இந்தியில் சொல்லச் சொன்னேன், இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, பிப்ரவரியில் வைத்தது, படிவத்தில் இல்லை என்று எழுதியது நான். மிதுன் சொல்லத் தயங்கினான். சொல்லுப்பா என்றேன். தேவேந்தர் கேட்டு முடித்ததும் அவன் முகம் கறுத்தது. இவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான், விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டி எண் பார்த்தான், பிறகு நீளமாக ஏதோ திட்டினான்.

"என்ன சொல்றாரு?"

மிதுன் தலையைச் சொறிந்தான். "முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் கோவேறு கழுதைல ஏத்தி இந்த வளைவுக்கே நேராக் கூட்டிட்டு வந்திருப்பேங்கறாருங்க. இதய நோயாளிங்க எல்லாரும் இதுவரைக்கும் வருவாங்களாம். பொய் எழுதுனதாலதான் நீங்க ரெண்டு பேரும் நடந்தீங்களாம். இனிமே அங்கிளு நடக்கக் கூடாதுங்கறாரு. கழுதை வரவழைக்கிறாரு, அரை மணி நேரம் ஆகுமாம்."

எனக்குச் சிரிப்பதா எதையாவது தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. பாறையில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். பேசாதீங்க என்றேன். தொப்பியை மாட்டிக்கொண்டு மெதுவாக, "அந்த உச்சிக்குக் கீழ, நாற்காலி மாதிரி, உள்வாங்கி ஒரு குழி இருக்கே. அது ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து என் பாடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டேன். அங்கதான் முதல்ல பனி சேரும் என்று ஆரம்பித்தேன். சேர்ந்து, இறுகி, உறைஞ்சு, உருகி, பாறையைக் கடிச்சுக் கடிச்சு அந்தக் குழியைத் தானே தோண்டிக்கும். இடம் பத்தாமப்போனா அந்த விளிம்பைத் தாண்டி வழியும், பாருங்க, விளிம்பு தெரியுதா, அதுல குறுக்க வெடிப்பு ஓடுது பாருங்க. அங்க எங்க பாக்குறீங்க, எம் விரலைப் பாருங்க. அவர் விரலைப் பார்த்தார், விரல் போன திசையைப் பார்த்தார், எங்க, எங்க என்று கேட்டார், மறுபடியும் காட்டினேன். இவ்வளவு மெதுவாகப் புரிந்துகொள்கிற ஒரு மாணவனை நான் பார்த்ததில்லை. மேகம் அடியிலிருந்து ஏறி, முதலில் அந்தக் குழியை, பிறகு விளிம்பை, கடைசியில் உச்சியையும் மூடிவிட்டது. கோவேறு கழுதையின் மணிச் சத்தம் கீழிருந்து கேட்டது. நான் இன்னும் கையை நீட்டி, வெறும் மேகத்துக்குள் வெடிப்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.